பிப்பி ஏன் ஒளிகிறாள்?

"பிப்பி ஒளிஞ்சுக்கிறா" என்றாள் மராமா.

"மறுபடியுமா!" ஷோனா மேஜையைத் தட்டியதில் சீஸ் ரோல் தட்டு குதித்தது. "அந்த ராட்சசப் பல்லி சாகக் கிடக்குது. ஒரு அம்பு விட்டா முடிஞ்சுது. இப்பப் போய் ஒளியிறாளாம்!"

எங்கள் இன்வர்கார்கில் ஊர் நூலகத்தின் பின்னறையில் வியாழன்தோறும் நாங்கள் ஆடும் கற்பனை ஆட்டம் இது. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, கிடைக்கும் புள்ளிகளை அதன் திறமைகளுக்குப் பங்கிட்டுக்கொள்வோம். ஃபெர்கஸ் கதையை நடத்துவார். பகடை விழுவதைப் பொறுத்து எங்கள் ஆட்கள் வெட்டுவார்கள், அல்லது வெட்டுப்படுவார்கள். ஷோனாவுக்குக் குதிரை வீரன், எனக்கு மந்திரவாதி, நெவிலுக்குக் கோடாரிக்காரன்.

மராமா புதிதாகச் சேர்ந்தவள். இறைச்சி ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும். அவள் உருவாக்கியதோ முழங்கால் உயர வேட்டைக்காரி! பெயர் பிப்பி. மணலுக்குள் புதைந்துகொள்ளும் எங்கள் ஊர்ச் சிப்பியின் பெயர்.

பாத்திரத்தைச் செய்யும்போதே ஷோனா சொல்லிப் பார்த்தாள். "பலத்துக்கும் கொஞ்சம் புள்ளி போடும்மா. எல்லாத்தையும் ஒளியறதுலயும் பூனை நடையிலயும் கொட்டுனா எப்படி?"

மிச்சமிருந்த புள்ளிகளையும் மராமா, இரையை நோட்டம் பார்க்கும் திறமையில் போட்டுவிட்டாள். மறைவிலிருந்து பார்த்தே மிருகத்துக்கு எவ்வளவு உயிர் பாக்கி என்று பிப்பிக்குத் தெரிந்துவிடும்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறா?"

"தெரிஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, கதவோரக் குளிரில், நெவிலுக்கு முந்தின நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் மேஜையில் முறை உட்கார்ந்த வரிசையில்தான் சுற்றும்.

அன்றிலிருந்து இதே கூத்து. பிப்பி முதலில் சரமாரியாக அம்பு விடுவாள். மிருகம் கடைசி மூச்சுக்கு வந்ததும் புதருக்குள் போய்விடுவாள். முறை நெவிலுக்குப் போகும்.

நெவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து மீண்டதிலிருந்து வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும். நாங்கள் அவரைச் சிரமப்படுத்துவதில்லை. "எனக்கு... அந்த..." என்று ஆரம்பித்தாலே "டீதானே?" என்று ஷோனா ஊற்றிவிடுவாள். நானும் அப்படித்தான். அவர் மேல் எல்லோருக்கும் அவ்வளவு பாசம்.

நெவில் பகடையை உருட்டினார். குறி தவறியது. பல்லி திரும்பி, ஷோனாவின் குதிரை வீரனை அப்படியே விழுங்கிவிட்டது.

"வருஷக்கணக்கா வளர்த்தேன்! ஒரு அம்பு, மராமா! ஒரே ஒரு அம்பு!"

என் மந்திரமும் புஸ்ஸாகிப் போனது. சுற்று மறுபடி மராமாவிடம் வந்தது. எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் பகடையைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பிப்பி... ஒளிஞ்சுக்கிறா."

ஷோனா எழுந்தேவிட்டாள். ஃபெர்கஸ் கையமர்த்தி உட்கார வைத்தார்.

இந்த முறை நெவிலின் கோடாரி தப்பவில்லை. பல்லி செத்தது.

கடைசி அடி அடித்தவர்தான் மிருகம் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் மேஜையின் வழக்கம் அது.

"கோடாரி... கழுத்துல... மாட்டிக்கிச்சு" என்று தொடங்கினார் நெவில். "இழுத்தா... வரல. அதனால... அது மேலயே... ஏறி... உக்காந்துட்டேன்."

டீ ஆறியது. ஷோனா நகத்தைக் கடித்தாள். நெவில் விடவில்லை. பல்லியை பஸ் மாதிரி ஊர் முழுக்க ஓட்டி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைசியில் சேற்றில் சாய்த்தார். ஃபெர்கஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

காரில் மனைவி காத்திருந்ததால் நெவில் முதலில் கிளம்பினார். கதவு மூடியதும் ஷோனா வெடித்தாள்.

"ஃபெர்கஸ், ஒண்ணு அந்தப் பொடிசை மாத்தச் சொல்லு, இல்லேன்னா அடுத்த வாரம் நான் வரல. ஒரு கோழையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னால சண்டை போட முடியாது."

ஃபெர்கஸ் தாடியைச் சொறிந்தார். "அவ கேக்கறதும் நியாயந்தான், மராமா. வேட்டைக்காரின்னா வேட்டையாடணும். மாத்திடு. மாட்டேன்னா வேற மேஜைதான் பார்த்துக்கணும்."

"சரி, வேற மேஜை பார்த்துக்கறேன். பிப்பியை மாத்த மாட்டேன்."

"அப்படி என்ன வீம்பு?"

மராமா பகடைகளைப் பையில் போட்டாள். "நெவில் தொடங்குன பேச்சை நெவிலே முடிக்கிறது இங்க மிருகம் விழுந்த கதையைச் சொல்ற அந்த ஒரு நேரந்தான், ஷோனா. மத்த நேரமெல்லாம் நாமதான் முடிச்சுடறோமே."

எனக்கு வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. நெவில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய தொப்பி நாற்காலியிலேயே கிடந்தது.

"ஷோனா... அந்த... அந்த..."

ஷோனாவின் கை தொப்பியை எடுத்துவிட்டது. அந்தச் சொல் அவள் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிக்கொண்டாள். அவர் தேடி எடுக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"அந்த... பல்லியை... நான்தான்... தவற விட்டேன். உன் வீரன்... போயிட்டான். என் மேல... ரொம்பக் கோவமாம்மா?"