டாட் காம் திருடன்

"என் கையிலிருந்து ஒரு பேரைத் திருடணும்னா, அவன் இனிமேதான் பொறந்து வரணும்," என்றார் பெயர் நிபுணர். "முப்பத்தேழு கம்பெனிக்கு இணையதளப் பேர் புடிச்சுக் கொடுத்திருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கை நழுவினதில்ல. நழுவவும் நழுவாது."

எதிரே உட்கார்ந்திருந்த பூட்டுக்காரர் இதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் கண் ஜன்னல் மேலேயே இருந்தது.

"அதைச் சாத்திடலாமா தம்பி? வெளிய ஆள் நடமாட்டமா இருக்கு. இந்தத் தடவையும் விஷயம் வெளிய போச்சுன்னா, நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

போன வாரம் அவரே ஒரு நல்ல பெயரைக் கண்டுபிடித்தார். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் அது வேறு யாருடையதோ ஆகியிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சாவி தொலைத்தவர்களின் வீட்டுக்கே போய்க் கதவைத் திறந்துவிடும் தொழில். இருபது வருடப் பூட்டுக் கம்பெனி வேலையை உதறிவிட்டு இறங்கியிருக்கிறார். வேன் வாங்கியாகிவிட்டது. காலையில் அதில் பெயர் எழுத ஓவியர் வருகிறார். எழுதத்தான் பெயர் இல்லை.

அதற்குள் மனைவியிடமிருந்து அழைப்பு. "இப்பதாம்மா உட்கார்ந்தேன். பேசிக்கிட்டிருக்கோம், இரு," என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், எழுந்து மேஜையைச் சுற்றி வந்து நிபுணரின் காதருகே குனிந்தார்.

"தம்பி, பேரையெல்லாம் இப்படிக் காதோட பேசிக்கலாமா?"

நிபுணர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சிரித்தார். "எதுக்குண்ணே? நாம என்ன பேங்கைக் கொள்ளையடிக்கவா போறோம்? பேரைக் கிசுகிசுக்கிறவன் தொழில் பண்ண லாயக்கில்ல. தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்லணும். போய் உட்காருங்க."

பூட்டுக்காரர் உட்கார்ந்தார்.

"உங்களை எவன் தேடுவான்? சாவியைத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கிறவன். போன்ல மூணு பர்சென்ட் சார்ஜ் இருக்கும். கை நடுங்கும். அந்தக் கையால அடிச்சாலும் தப்பு வராத பேரா இருக்கணும். சின்னதா, நடுவுல கோடு, நம்பர் எதுவும் இல்லாம." நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கதவுநண்பன் டாட் காம்."

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். யாரும் இன்னும் வாங்கவில்லை, காலியாக இருந்தது.

"நல்லா இருக்கு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு."

"அவசரமில்ல, இன்னும் ரெண்டு பாப்போம். சாவிமாமா டாட் காம்?"

"வேணாம். என் மச்சான் ஆயுசு முழுக்க ஓட்டுவான்."

"திறந்தாச்சு டாட் காம்?"

"அட, இது நல்லா இருக்கே."

இதுவும் காலிதான். இரண்டில் எது என்று ஐந்து நிமிடம் அலசியபின், நிபுணர் முதல் பெயரை மறுபடி தட்டினார். திரையில் சிவப்பு எழுத்து: 'இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத்தின் நிறம் மாறவில்லை. முப்பத்தேழு கம்பெனிகளை நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இரண்டாவதைத் தட்டினார். அதுவும் சிவப்பு.

"என்ன தம்பி, வேர்க்குது?"

"ஃபேன் சரியில்ல. சட்டுன்னுசாவி டாட் காம், எப்படி?"

"நல்லா இருக்கு."

காலியாக இருந்தது. இந்த முறை பேச்சு கிடையாது. நிபுணர் படிவத்தைத் திறந்து பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று அடித்துக்கொண்டே போனார். விரல்கள் நடுங்கியதில் முகவரியை மூன்று தடவை திருத்த வேண்டியதாயிற்று. கடைசிப் பொத்தானை அமுக்கியதும் சிவப்பு.

ஒரு சந்தேகத்தில் சாவிமாமாவைத் தட்டினார். அது மட்டும் அப்படியே காலியாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேண்டாம் என்றதை எவனும் தொடவில்லை. நல்லா இருக்கு என்றது மட்டும் போகிறது. இது கம்ப்யூட்டர் செய்யும் வேலை இல்லை. எவனோ கேட்டுக்கொண்டிருக்கிறான். இங்கேயே, இந்த அறைக்குள்.

மானிட்டரைச் சத்தமில்லாமல் பூட்டுக்காரர் பக்கம் திருப்பினார். பூட்டுக்காரர் மூன்று சிவப்பு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். நிபுணர் ஒரு தாளை இழுத்து எழுதினார்: 'யாரோ ஒட்டுக் கேக்கறாங்க.'

பூட்டுக்காரர் பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினார்: 'நான் அப்பவே சொன்னேன்.'

நிபுணர் குனிந்து மேஜைக்கு அடியில் தடவினார். ஃபேனை நிறுத்தி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பூட்டுக்காரர் அனுபவஸ்தர் என்பதால் சாவித் துவாரத்தில் கண் வைத்து வராந்தாவைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாததுதான் இருவரையும் இன்னும் நடுங்க வைத்தது.

நிபுணர் பூனைபோல் நடந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். பிறகு பூட்டுக்காரரின் தோளைப் பிடித்து, காதோடு வாயை வைத்து, தனக்கே கேட்காத குரலில் நான்காவது பெயரைச் சொன்னார்.

பூட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த நிசப்தத்தில், அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? அந்த மூணையும் வாங்கிட்டேன், அடுத்ததைச் சொல்லச் சொல்லுங்க."