எட்டரை மணித் திட்டு

"ஒரு பண்ணைக்காரனா, பல பண்ணைக்காரங்களா? அதை மட்டும் சொல்லும்மா!"

காலை எட்டரைக்கே ஆரம்பித்துவிட்டார் எதிர் வீட்டு ஆக்ராய்ட். எங்கள் காய்கறிக் கடை வாசலில், ஆங்கிலத்தில் Farmer's Eggs, Pear's என்று எழுதியிருந்த கரும்பலகையைக் கைத்தடியால் தட்டினார்.

"முட்டை வர்றது அஞ்சு பண்ணையிலேர்ந்து. நீ அபாஸ்ட்ரஃபிக் கொக்கியை எஸ்ஸுக்கு முன்னாடி மாட்டியிருக்கே. அப்போ ஒரே ஆள்னு அர்த்தம். மத்த நாலு பேரும் செத்துட்டாங்களா? பேரிக்காய்க்கு எதுக்குக் கொக்கி? அது பேர்ல ஏதாவது சொத்து இருக்கா?"

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் ஆக்ராய்ட். எனக்கு எங்கே ஏறுது இதெல்லாம்?" என்றாள் என் மனைவி மேவிஸ்.

"எப்படி ஏறும்? மண்டை பூரா உருளைக்கிழங்கு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரே சாக்பீஸை வாங்கித் திருத்தினார். நாலு பேரிக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் என்றால், என் பெண்டாட்டியை ஊர் முன்னால் திட்டலாமா? மூன்று மாதமாக இதே கூத்து. இவளும் தினம் அதே தப்பைச் செய்கிறாள்!

"நாளைக்கு அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"பேசாம இரு, கிளைவ்."

பேசாமல்தான் இருந்தேன். மறுநாள் மேவிஸ் உள்ளே பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் எழுதியதை அழித்துவிட்டு நானே எழுதினேன். முந்தின நாள் அவர் திருத்தியதை அப்படியே மனதில் வைத்திருந்தேன்.

எட்டரைக்கு வந்தார். படித்தார். கைத்தடியை ஓங்கினார். குனிந்து இன்னொரு தடவை படித்தார்.

"சரியா இருக்கு," என்றார். எதுவும் வாங்காமல் தெருவைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனியன் ஒழிந்தது என்று நினைத்தேன்.

"ஆக்ராய்ட் வரலையா?" மேவிஸ் வெளியே வந்தாள்.

"இனிமே வரமாட்டார்," என்றேன் பெருமையாக.

பலகையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"யாரு இதைச் சரியா எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"அறிவிருக்கா உனக்கு? வக்கீல் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷம் டைப் அடிச்சவ நான். எனக்குக் கொக்கி போடத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தினம் தப்பா எழுதினே?" என்றேன்.

"அவர் பொண்டாட்டி எட்னா செத்தப்புறம் அந்த மனுஷன் கதவையே திறக்கல. தெருவே சூப் கொண்டுபோய் வச்சுது. எல்லாம் வாசல்லயே கெட்டுப்போச்சு. ஒரு நாள் அவசரத்துல தப்பா எழுதிட்டேன். ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு, வீட்டுச் செருப்போட ஓடிவந்து திட்டினார். திட்டி முடிச்சதும் ஒரு பேரிக்காயை எடுத்து அங்கேயே கடிச்சார். அன்னிக்குத்தான் அந்த ஆள் சாப்பிட்டதைப் பாத்தேன்."

சாக்பீஸை என் கையில் திணித்தாள்.

"எழுது. தப்பா எழுது. பெருசா எழுது!"

கண்ணில் பட்ட எஸ்ஸுக்கெல்லாம் ஒரு கொக்கி மாட்டினேன். பலகையை எதிர் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பத்து நிமிடம் திரைச்சீலை அசையவில்லை. பிறகு கதவு படாரென்று திறந்தது.

"கிளைவ்! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்தே முட்டாளா?"

சாக்பீஸை நீட்டினேன்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் ஆக்ராய்ட். எனக்கு எங்கே ஏறுது இதெல்லாம்?"