கையால் இழுக்கும் கிளச்சு

சுடலைமுத்துவின் பழைய லாரிக்கு, போர் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தார், தாராவிப் பட்டறைக்காரர் கரீம் பாட்சா.

"கிளச்சைக் கையால இழுக்குத மாதிரி மாத்திருங்க, பாய்."

"பட்டாளத்துலேர்ந்து வந்த உங்க தம்பி ஓட்டவா அண்ணாச்சி? அவரு நல்லாத்தானே நடக்காரு?"

"அவனுக்கில்ல. வேற ஆள் இருக்கு."

வீண் வேலை என்று முணுமுணுத்தாலும் கரீம் கச்சிதமாகவே செய்து முடித்தார்.

லாரியை எடுக்க வந்த அன்று சுடலைமுத்து அதில் ஏறவில்லை.

"உங்க மவன் ஹனீபைக் கூப்பிடுங்க. இனி இதை ஓட்டப் போறது அவன்தான்."

கரீம் லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பர்மாவுல இடது காலை விட்டுட்டு வந்தவன், வாசலைத் தாண்டவே மாட்டேங்கான் அண்ணாச்சி..."

"அது எப்படிப் போச்சுன்னு உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டான். எந்தம்பியைத் தோள்ல சுமந்துட்டு வரையில போன காலு பாய், அது."