துணைக்கு வந்த தம்பி

மார்ச் ஒன்பதாம் நாள். காலையிலேயே வெயில் கடுமையாக இருந்தது. தையற்கடையில் அக்காள், தம்பி தைத்த ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஏண்டா, ரெண்டுமே இடது கையா இருக்கே! இதை யாருடா போடுவா?”

“அளவுச் சீட்டை நாலு தடவை படிச்சேன்க்கா. மனசுல நிக்கவே மாட்டேங்குது.”

இத்தகைய தடுமாற்றம் மனப்பிறழ்வின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்று அக்காள் ஒரு சுவரொட்டியில் படித்திருந்தாள். மனநல மருத்துவர் என்றால் தம்பி வரமாட்டான் என்று அஞ்சி, “எனக்கு ஒரு வாரமா தூக்கமே இல்லடா. டாக்டரைப் பார்க்கணும், துணைக்கு வா” என்றாள்.

அவன் உடனே கிளம்பினான்.

மருத்துவமனையில் அவள் செவிலியரிடம் குனிந்து, “தம்பிக்குத்தாங்க பார்க்கணும். அவனுக்குத் தெரியாது. நைசா உள்ளே அனுப்பிடுங்க” என்று கிசுகிசுத்தாள்.

செவிலியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இவரா? போன வாரமே தனியா வந்தாரும்மா. வீட்டு ஆளோட வாங்கன்னு டாக்டர் சொன்னதுக்கு, ‘அக்கா பயந்துடுவாங்களே’ன்னு தலையைச் சொறிஞ்சுட்டுப் போனாரு.”

அக்காள் திரும்பினாள். தம்பி அசடு வழிந்தான்.

“உன்னை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்க்கா. நல்லவேளை, உனக்குத் தூக்கம் வரல!”

அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனோடு அவள் உள்ளே நுழைந்தபோது மணி சரியாகப் பத்து பதினேழு.