இரண்டு கிராம் குறைந்த பிஸ்டன்

பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டும் பட்டறை ஒன்றில், நான்கு பிஸ்டன்கள் மெத்தென்ற துணிமேல் சாய்ந்திருந்தன. சன்னல் வெயில் பட்டு நான்காவதற்குக் கண் செருகியது. கனவில் அது நொடிக்கு நூறு முறை எழுந்து தாழ்ந்து, ஓடுதளத்தின் வளைவுகளில் மிதந்துகொண்டிருந்தது.

எஞ்சின் கட்டும் எஸ்தர் அவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். மூன்று ஒரே எடை. நான்காவது மட்டும் இரண்டு கிராம் குறைவு.

"பாவம், உன்னை எடுக்க மாட்டாங்க," என்றது முதல் பிஸ்டன்.

நான்காவது தராசிடம் கெஞ்சியது. "அண்ணே, கொஞ்சம் கூட்டிச் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். ஆனா எடை ஒண்ணா இல்லேன்னா, வேகமெடுக்கறப்போ எஞ்சின் உதறிச் சிதறிடும்ப்பா."

நான்காவது, கழித்த சாமான்கள் கிடக்கும் டப்பாவையே பார்த்தது.

எஸ்தர் அரத்தை எடுத்தாள். நான்காவதை அவள் தொடவில்லை. முதல் பிஸ்டனைக் கவிழ்த்து, உட்புறத்தில் மெல்ல மெல்லத் தேய்த்தாள். வெள்ளித் தூள் பனிபோல இறங்கியது. பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது; மூன்றும் நான்காவதன் எடைக்கு இறங்கும்வரை.

"என்னை எதுக்குக் குறைக்கறாங்க?" என்று முனகியது முதல் பிஸ்டன்.

"இருக்கறதைத்தானே குறைக்க முடியும்," என்றது தராசு.

பந்தய நாளில் எஞ்சின் உறுமியது. முதலும் நான்காவதும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும்படி எஸ்தர் பூட்டியிருந்தாள்.

"பயமா இருக்கு," என்றது முதல் பிஸ்டன்.

"எனக்கும்தான். வா, ஏறலாம்," என்றது நான்காவது.