குரலுக்கு முதல் வழி

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் சுவரில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டிக்குள் போயிற்று.

பெட்டிக்குள் நெட்வொர்க் சுவிட்ச். அந்தக் கட்டடத்தின் கம்ப்யூட்டர்களும் போன்களும் அதில்தான் வந்து சேர்கின்றன.

பிரசவ வார்டுதான் கடைசி. ஆஸ்பத்திரியின் மற்ற கட்டடங்களைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்திருந்தாள். வெயிலில் நடந்து நடந்து குதிகால் வலித்தது.

எல்லா இடத்திலும் ஒரே வேலை. ஸ்கேன் படம், பில், யாரோ பார்க்கும் வீடியோ, எல்லாம் ஒரே வழியில்தான் ஓடுகின்றன. நெரிசல் கூடினால் போன் பேச்சு துண்டு துண்டாகிவிடும்.

இனிமேல் பேச்சு முதலில் போகும். மற்றவை நின்று வழிவிடும்.

இந்த ஏற்பாடு ஒரு கட்டடத்தில் விட்டுப்போனாலும் பேச்சு அங்கே வந்து மாட்டிக்கொள்ளும்.

கடைசிக் கட்டளை வரியை லேப்டாப்பில் தட்டினாள்.

"சிஸ்டர், இப்பப் பேசிப் பாருங்க."

வார்டு நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் மேஜைப் போனில் ரத்த வங்கியைக் கூப்பிட்டார். மறுநாள் ஆபரேஷனுக்கு வேண்டியதைச் சொன்னார்.

"ஓ நெகட்டிவ். ரெண்டு யூனிட்."

மறுமுனையில் ஒருவர் அதையே திருப்பிச் சொன்னார். தரையில் இருந்தவளுக்கும் கேட்டது.

லேப்டாப்பை மூடினாள். எழுந்திருக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை.

சற்று நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஓ நெகட்டிவ்தான சிஸ்டர்?"

போனில் கேட்ட அதே குரல்.

"ஆமாண்ணே. ரெண்டு."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. "ஏன் சார், சரியாக் கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா." முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். "அன்னைக்கும் நல்லாக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு."

வராந்தாவில் இருந்த குழாயில் தண்ணீர் குடிக்கப் போனார்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் ஒரு பிரசவம். போன்ல விட்டு விட்டுக் கேட்டதுல நெகட்டிவ் பாசிட்டிவா விழுந்திருச்சு. நாங்க ரத்தப் பையப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பினோம். மாத்தி எடுத்துட்டு ஓடித்தான் வந்தாரு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு..."

சிஸ்டர் மேஜைவிரிப்பைச் சரிசெய்தார்.

"அதுல இருந்து குருவையாண்ணன் போனை நம்புறதில்ல. எதுன்னாலும் நேர்ல வந்து கேட்டுட்டுத்தான் எடுப்பாரு."

அவளுக்கு வந்த புகாரில் ஒரே வரிதான் இருந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது.

குருவையா வாயைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். "நெகட்டிவ், ரெண்டு" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டே போவது கேட்டது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

"இருங்கண்ணே. நானும் அந்தப் பக்கம்தான்."

அவளுடைய வண்டி எதிர்ப்பக்கம், கேட் அருகே நின்றிருந்தது.