ஆடும் பலகை

கலைமகளுக்கு மெத்தையில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, அழைப்பு மணியை அழுத்தினாள்.

வெயிட்டர் உடையில் ஜெக்கரியா நோட்டுடன் ஓடி வந்தார். "சொல்லுங்க மேடம்!"

"வெந்நீர் வர நாலு நிமிஷம் ஆகுது. தொட்டி தூரத்துல இருக்கு. குழாய்ல நிக்கிற பச்சைத்தண்ணி முழுக்க வெளியேறினாத்தான் சூடு வரும்."

எழுதிக்கொண்டார். "அலையாத்திக் காட்டுல வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்து இறங்கிருச்சு. படகு ரெடி மேடம்."

"பறவை இருக்கட்டும். பின்பக்கப் பலகைப் பாலத்தை இன்னைக்கே சரி பண்ணுங்க. கடல் ஓதம் ஏறினா தண்ணி பலகையைத் தூக்குது, இறங்கினா விடுது. ஆடி ஆடியே ஆணி கழண்டுருச்சு. யாராவது விழுந்து இடுப்பு உடையணுமா?"

ஜெக்கரியாவின் பேனா நின்றது. "அந்த வழியா கெஸ்ட் யாரும் போறதில்லையே மேடம்."

"கெஸ்ட் சொல்ற குறையை அன்னைக்கே தீர்க்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

"நான்தான்" என்றார் ஜெக்கரியா.

மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்குவதற்கு முதல் நாள், அந்த ரிசார்ட்டில் ஒத்திகை நடக்கும். மேனேஜர் வெயிட்டராவார், சீட்டுக் குலுக்கலில் பெயர் வரும் ஊழியர் விருந்தினராவார். இந்த ஆண்டு வந்தது, அழுக்குத் துணிக் கூடையுடன் தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கும் கலைமகளின் பெயர்.

"மூணு தடவை உங்க ரூமுக்கே வந்து சொன்னேன் சார்."

ஜெக்கரியா தலைகுனிந்து எழுதினார். "ஆசாரியை வரச் சொல்றேன்... மேடம்."